சாம்பல் பூசிய தேன்சிட்டு: சீஷெல்ஸில் அதை எப்படிப் பார்ப்பது

போன வருடம் ஊரிலிருந்து என் தம்பி வந்திருந்தான். வந்த மறுநாள் காலை வராந்தாவில் காப்பியோடு உட்கார்ந்திருந்தவனுக்குச் செம்பருத்திக் கிளையைக் காட்டி, "அதோ பாருடா, தேன்சிட்டு" என்றேன். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். "இதுவா அக்கா? நம்ம கொல்லைக்கு வர்றது எப்படி மினுமினுன்னு இருக்கும்! இது என்ன, சாம்பலை அள்ளிப் பூசின மாதிரி இருக்கு?" என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. மயிலாடுதுறைப் பக்கம் வளர்ந்த எங்களுக்குத் தேன்சிட்டு என்றால் ஊதாவும் மஞ்சளும்தான். பதினோரு வருடத்துக்கு முன் கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலில் இருக்கிற சீஷெல்ஸ் நாட்டின் மாஹே தீவுக்கு வந்தபோது நானும் இந்தப் பறவையைப் பல மாதம் 'ஏதோ ஒரு குருவி' என்றே விட்டிருந்தேன். இங்கே சுற்றிப் பார்க்க வரும் நம் ஆட்கள் பெரும்பாலும் கடற்கரையைப் பார்த்துவிட்டு, கோகோ டி மேர் என்கிற இரட்டைத் தேங்காயோடு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தங்கும் இடத்தின் வாசலிலேயே, உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு தேன்சிட்டு கத்திக்கொண்டிருப்பது தெரியாமலே போய்விடுகிறது. வருகிறவர்கள் இரண்டே இரண்டு காலை நேரங்களை ஒதுக்கினால் அதை நன்றாகவே பார்த்துவிடலாம்.

வேறெங்கும் இல்லாத என்று சொன்னது சும்மா அழகுக்காக இல்லை. சீஷெல்ஸ் தேன்சிட்டு இந்த நாட்டின் கருங்கல் தீவுகளில் மட்டுமே வாழ்கிறது: மாஹே, பிராலின், லா டிக், சில்லூவெத், இவற்றை ஒட்டிய சில சின்னத் தீவுகள். மாஹேயிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற அல்டாப்ரா பவளத்தீவில் தேன்சிட்டு உண்டு, ஆனால் அது மடகாஸ்கரைச் சேர்ந்த வேறு இனம். அதனால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. நம்மூரில் இரண்டு மூன்று தேன்சிட்டு இனங்களைப் பிரித்து அடையாளம் காணத் தடுமாறுவோமே, இங்கே அந்தத் தொல்லையே கிடையாது. மாஹேயில் ஒரு பறவை தேன்சிட்டு என்று தெரிந்துவிட்டால் அது இதுதான்.

முதலில் காதைத் தயார் செய்யுங்கள். இந்தப் பறவையைக் கண்ணால் தேடிப் போனால் கழுத்து வலிதான் மிச்சம். இங்கே காலை ஆறேகால், ஆறரைக்குச் சூரியன் வரும். அதற்குச் சற்று முன்பே வெளியே வந்து உட்காருங்கள். மைனா கத்தும், புறா கூவும், ஆரஞ்சு மூக்கு கொண்ட இந்த ஊர்க் கொண்டைக்குருவி சண்டைக்காரி மாதிரி இரையும். இவை எல்லாவற்றுக்கும் மேலே, எண்ணெய் போடாத சின்னச் சக்கரம் வேகமாகச் சுழல்கிற மாதிரி கீச்சென்று ஒரு பாட்டு அவசர அவசரமாகக் கொட்டும். ஒரு விநாடி நிற்கும், மறுபடி கொட்டும். இத்தனூண்டு உடம்பிலிருந்தா இவ்வளவு சத்தம் என்று ஆச்சரியமாக இருக்கும். அதுதான் ஆண் தேன்சிட்டு. பாடும் ஆண் பெரும்பாலும் மறைந்து உட்காராது. மின்கம்பி, பட்டுப்போன கிளை, பப்பாளி மரத்தின் உச்சி என்று துறுத்திக்கொண்டு தெரியும் இடமாகப் பார்த்து உட்காரும். சத்தம் வரும் திசையில் உயரமான முனைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கிடைத்துவிடும்.

கண்ணுக்குக் கிடைத்ததும் நீளத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அலகையும் சேர்த்துப் பதினொன்று, பன்னிரண்டு சென்டிமீட்டர்தான், ஒரு தீப்பெட்டியை நீளவாக்கில் இரண்டு வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. அலகு கறுப்பு, மெலிசு, நன்றாகக் கீழ்நோக்கி வளைந்தது. உடம்பு மங்கலான பலகைக்கல் சாம்பல், இறக்கையும் வாலும் இன்னும் கறுப்பு. என் தம்பி இந்த இடத்தில்தான் பார்ப்பதை நிறுத்தினான். நீங்கள் நிறுத்திவிடாதீர்கள்.

ஏனென்றால் ஆணின் தொண்டையில் ஒரு நீலப்பச்சைத் தகடு இருக்கிறது. அது சாயம் பூசிய நிறம் இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது பிறக்கிற நிறம். அதனால் வெளிச்சம் சரியான கோணத்தில் விழாவிட்டால் அந்த இடம் வெறும் கறுப்பாகவே தெரியும். வானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாமே சாம்பல்தான். ஆகவே இடம் மாறுங்கள். காலையில் சூரியன் உங்கள் முதுகில் அடிக்க வேண்டும், பறவை உங்கள் எதிரே, முடிந்தால் உங்கள் கண் மட்டத்துக்கு இருக்க வேண்டும். மாஹே முழுக்க மலைச்சரிவு என்பதால் இது ஒன்றும் கஷ்டமில்லை. எங்கள் வீடு பெல் ஏர் சரிவில் இருக்கிறது. வராந்தாவில் நின்றால் கீழ் வீட்டுச் செம்பருத்தியின் உச்சி என் இடுப்புக்கு வரும். இப்படி மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு படிக்கட்டோ மாடியோ கிடைத்தால் அங்கேயே இருந்துவிடுங்கள். பறவை தலையைத் திருப்பும்போது ஒரே ஒரு கணம் தொண்டை பளீரென்று பற்றிக்கொள்ளும், அடுத்த கணம் அணைந்துவிடும்.

இன்னொரு நிறமும் அதனிடம் ஒளிந்திருக்கிறது. அதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். ஆணின் மார்புக்கு இரு பக்கமும், இறக்கை மடிகிற இடத்துக்குக் கீழே, மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ ஒரு குஞ்சம் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இறக்கை அதை மூடிவிடும். இன்னொரு ஆண் எல்லைக்குள் வந்தாலோ, பெட்டை பக்கத்தில் அமர்ந்தாலோ, இறக்கையைச் சற்றுத் தளர்த்தி அந்தக் குஞ்சத்தை வெளியே விடும். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு இதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தேன். துணி காயப்போடும் கொடியில் ஓர் ஆண் வந்து உட்கார்ந்தது. எதிர்க் கம்பியில் இன்னொன்று. முதலாவது உடம்பைத் தாழ்த்தி, பக்கத்துக்குப் பக்கம் ஆடிக்கொண்டே பாட ஆரம்பித்தது. அப்போது அதன் கக்கத்திலிருந்து சாமந்தி இதழைக் கிள்ளிச் செருகிய மாதிரி இரண்டு மஞ்சள் கொத்து எட்டிப் பார்த்தது. தொண்டை பாட்டுக்குத் தக்கபடி அதிர்ந்தது. நான் கையில் பிழிந்த துணியோடு நின்றுகொண்டிருக்கிறேன், தண்ணீர் காலில் சொட்டுகிறது, என்னை அது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அரை நிமிஷம் இருக்கும். அப்புறம் இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஈரப்பலா மரத்துக்குள் போய்விட்டன.

இப்படி ஆண்கள் மோதிக்கொள்ளும்போதுதான் உங்கள் வாய்ப்பு. வேகமான கீச்சுச் சத்தமும் துரத்தலும் தெரிந்தால் உடனே அந்தப் பக்கம் ஓடாதீர்கள். அவை திரும்பி வந்து உட்காரும் கிளையைக் கண்டுபிடியுங்கள். பாடும் இடத்தை ஓர் ஆண் சுலபத்தில் மாற்றாது. இன்று எந்த முனையில் பார்த்தீர்களோ நாளையும் அங்கேயே தேடலாம்.

பெட்டைக்குத் தொண்டைத் தகடும் இல்லை, குஞ்சமும் இல்லை. பழுப்பு கலந்த மங்கல் சாம்பல் அவ்வளவுதான். வளைந்த அலகு மட்டும் ஆணைப் போலவே இருக்கும், அதை வைத்தே அடையாளம் காணுங்கள். இங்கே வீட்டு முற்றங்களில் மடகாஸ்கரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிவப்புக் குருவி திரியும். நம் தூக்கணாங்குருவிக்கு உறவு. அதன் பெட்டையும் பழுப்பு நிறம்தான், ஆனால் அலகு தானியம் உடைக்கிற தடித்த கூம்பு. ஒரு பார்வையிலேயே பிரித்துவிடலாம். கொஞ்சம் ஏமாற்றக்கூடியது சீஷெல்ஸ் வெள்ளைக்கண்ணி. அதுவும் சாம்பல், அதுவும் சின்னது. இந்த ஊர் மொழியான கிரியோலில் அதற்கு ஸ்வாசோ லினெத் என்று பெயர், கண்ணாடி போட்ட பறவை என்று அர்த்தம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும் குட்டையான நேர் அலகும் இருக்கும். அது மிக அரிது, மாஹேயில் விரல் விட்டு எண்ணுகிற அளவே இருக்கிறது. உங்களுக்கு வெள்ளைக்கண்ணி தெரிந்துவிட்டால் தேன்சிட்டை விட்டுவிட்டு அதையே பாருங்கள். நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்குள்ளவர்கள் இதைக் கோலிப்ரி என்பார்கள். அது அமெரிக்கக் கண்டங்களில் இருக்கிற ரீங்காரச்சிட்டுக்கு உரிய பெயர், பிரெஞ்சு வழியாக வந்து இதற்கு ஒட்டிக்கொண்டது. இரண்டுக்கும் சொந்தமில்லை. ரீங்காரச்சிட்டு காற்றில் அந்தரத்தில் நின்றே தேன் குடிக்கும், தேன்சிட்டு முக்கால்வாசி நேரம் எதையாவது பற்றிக்கொண்டுதான் குடிக்கும். இதன் அறிவியல் பெயர் சின்னிரிஸ் டுசுமியெரி (Cinnyris dussumieri). அதில் இருப்பவர் டுசுமியே என்ற பிரெஞ்சுக் கப்பல் வணிகர். இந்தியப் பெருங்கடலில் வியாபாரத்துக்குப் போன இடமெல்லாம் மீனும் பறவையும் சேகரித்துப் பாரிசுக்கு அனுப்பியவர். 1861இல் ஹார்ட்லாவுப் என்ற ஜெர்மானியர் இந்தப் பறவையை விவரித்து அவர் பெயரை வைத்தார். ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் நீங்கள் கேட்க வேண்டியது "கோலிப்ரி" என்றுதான். கேட்டவுடன் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

இரை தேடுவதைப் பார்க்க, பூவைத் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் உட்காருவதே வழி. நடந்துகொண்டே பார்ப்பவர்களுக்குப் பறக்கும் நிழல் மட்டும்தான் கிடைக்கும். செம்பருத்தி, இட்லிப்பூ, வாழைப்பூ, தென்னம்பாளை, ஓடைக்கரையில் தானாக வளர்கிற சீமை நாயுருவி, இவற்றில் எது பூத்திருந்தாலும் சரி. பத்தடி தள்ளி உட்கார்ந்து அரை மணி நேரம் அசையாதீர்கள். செம்பருத்தியில் நடப்பதைக் கூர்ந்து பாருங்கள். அந்தப் பூவின் குழாய் ஆழம் அதிகம், வாய் வழியாகத் தலையை நுழைத்துக் குடிப்பது சிரமம். அதனால் பறவை பூவின் பின்பக்கம் வந்து, காம்பை ஒட்டி, அடியில் அலகால் ஒரு பொத்தல் போட்டு அதன் வழியே உறிஞ்சிவிடும். மகரந்தம் ஒட்டாது, பூவுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை. என் தோட்டத்தில் உதிர்ந்த செம்பருத்தியை எடுத்துப் பார்த்தால் பாதிப் பூக்களின் அடியில் ஊசி குத்திய மாதிரி தழும்பு இருக்கும். இட்லிப்பூவில் அது முடியாது போல, அங்கே நேர்மையாக முன்வாசல் வழியாகத்தான் குடிக்கிறது. அதன் நாக்கு நீளமானது, குழாய் மாதிரி சுருண்டது, நுனியில் பிளந்தது. பைனாகுலரில் அதிர்ஷ்டம் இருந்தால் அலகுக்கு வெளியே நூல் மாதிரி ஒரு கணம் தெரியும்.

தேன் மட்டுமே சாப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். இலையின் அடிப்பக்கத்தைத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தடவிப் பார்க்கும். பூச்சி, புழு, சிலந்தி எல்லாம் பொறுக்கும். பூவே இல்லாத பலாமரத்தில் தேன்சிட்டு இருக்கிறதே என்று குழம்பாதீர்கள், அது கறிச்சாப்பாட்டுக்கு வந்திருக்கிறது. குஞ்சு வளரும்போது இந்த வேட்டை இன்னும் மும்முரமாகும்.

கூட்டைப் பற்றிச் சொல்வதற்கு எனக்கு நிறைய இருக்கிறது, அதில் ஒன்று சொல்லக் கஷ்டமானது. கூடு பேரிக்காய் வடிவில் மெல்லிய கிளை நுனியிலிருந்து தொங்கும். காய்ந்த புல், பாசி, மரப்பாசி எல்லாம் வைத்துச் சிலந்தி நூலால் கட்டியிருக்கும். வாசல் பக்கவாட்டில், மேற்பாதியில் இருக்கும். பார்க்கிறவர்களுக்குக் கிளையில் சிக்கிய குப்பை என்றுதான் தோன்றும். அதனால் கூட்டைத் தேடாதீர்கள், பெட்டையைப் பாருங்கள். வாயில் வெள்ளை நூலையோ பஞ்சையோ வைத்துக்கொண்டு ஒரே பக்கமாகப் போகிறதா, அந்தப் போக்கைக் கண்ணால் தொடர்ந்தால் போதும். முட்டை பெரும்பாலும் ஒன்றே ஒன்று. நம்மூர்த் தேன்சிட்டு இரண்டு வைக்கும், இந்தத் தீவுக்காரி ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறாள். அந்த ஒன்று போனால் அந்தத் தடவை அவ்வளவுதான்.

என் மூன்றாவது வருடத்தில் வாசலில் இருந்த காகிதப்பூச் செடியில் ஒரு கூடு வந்தது. படம் எடுக்க ஆசை. கூட்டுக்கு மேலே குடை மாதிரி கவிழ்ந்திருந்த ஒரு சின்னக் கிளை வாசலை மறைத்தது. பெட்டை இல்லாத நேரம் பார்த்து அந்தக் கிளையைக் கத்தரித்தேன், ஒரு ஜாண் நீளம்கூட இருக்காது. அன்று மத்தியானம் வெயில் நேராகக் கூட்டின் மேல் அடித்தது. பெட்டை வந்தது, வாசலில் பற்றிக்கொண்டு நின்றது, உள்ளே போகவில்லை. இரண்டு நாள் வந்து வந்து பார்த்துவிட்டு அப்புறம் வரவே இல்லை. ஒரு வாரம் கழித்துக் கூட்டை இறக்கினேன். உள்ளே மெத்தென்ற பஞ்சுக்கு நடுவில் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய முட்டை, குளிர்ந்து கிடந்தது. அந்தப் படம் நன்றாகத்தான் வந்திருந்தது. நான் அழித்துவிட்டேன்.

ஆகவே இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கூட்டைக் கண்டால் இருபதடி தள்ளியே நில்லுங்கள். இலையை விலக்காதீர்கள், கிளையை வளைக்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள், கைபேசியை வாசலுக்கு நேரே நீட்டாதீர்கள். பெட்டை பக்கத்துக் கிளையில் நின்று விடாமல் கீச்சிட்டால் நீங்கள் அதன் வழியில் நிற்கிறீர்கள் என்று பொருள், பின்னால் போங்கள். கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லவும் வேண்டாம்.

கருவி என்றால் 8 மடங்கு பெருக்கும் சாதாரண பைனாகுலர் போதும். வாங்குகிறவர்கள் பக்கத்திலும் குவியக்கூடியதாகப் பாருங்கள், ஏனென்றால் இந்தப் பறவை பல சமயம் மூன்று மீட்டரில் வந்து உட்கார்ந்துவிடும், அவ்வளவு கிட்டத்தில் சில பைனாகுலர் கலங்கிவிடும். படம் எடுப்பவர்கள் ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியாகவோ அதைவிட வேகமாகவோ வையுங்கள். பின்னால் வெள்ளை வானம் இருந்தால் எடுக்கவே வேண்டாம், கரும்பச்சை இலை பின்னணியாக அமையும்வரை காத்திருங்கள்.

எங்கே போவது என்று கேட்பார்கள். உண்மையில் எங்கேயும் போக வேண்டாம். இந்த நாட்டின் தனிப் பறவைகளில் பல, காடு அழிந்தும் எலியும் பூனையும் வந்தும் விளிம்புக்குத் தள்ளப்பட்டவை. இது மட்டும் மனிதர்களின் தோட்டத்தோடு ஒத்துப்போய்ப் பிழைத்துக்கொண்டது. கடற்கரைத் தென்னந்தோப்பிலிருந்து 905 மீட்டர் உயர மோர்ன் செஷெல்வா மலைக்காடு வரை எல்லா உயரத்திலும் உண்டு. தலைநகர் விக்டோரியாவில் குயின்சி தெருவில் இருக்கிற நவசக்தி விநாயகர் கோவிலுக்குப் போகிறவர்கள் கோபுரத்தைப் பார்த்து முடித்ததும் சுற்றியுள்ள மின்கம்பிகளையும் ஒரு தடவை பாருங்கள். அமைதியாக உட்கார வேண்டுமென்றால் மோன் ஃப்ளூரி பக்கத்துத் தாவரவியல் பூங்கா நல்லது, காலையில் கூட்டம் இருக்காது. கோபோலியா மலைப்பாதையில் ஏறினால் உச்சிப் பாறையில், பூச்சி பிடிக்கிற குடுவைச் செடிகளுக்கு நடுவில் இதே பறவை பாடுவதைக் கேட்கலாம், அங்கே சத்தம் கல்லில் பட்டு இன்னும் கூர்மையாக வரும். பிராலினில் வாலே த மே பனங்காட்டுக்குள் எல்லோரும் கறுங்கிளியைத் தேடுவார்கள். அங்கேயும் இது இருக்கிறது, ஆனால் உள்ளே இருட்டு, தொண்டையின் நிறம் தெரியாது. நிறம் பார்க்க வெட்டவெளித் தோட்டமே மேல்.

இங்கேயே குடியிருக்கும் நம் ஆட்களுக்குத் தனியாக இரண்டு விஷயம். சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டி தொங்கவிடாதீர்கள், வெயிலில் அது சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். அந்த இடத்தில் ஓர் இட்லிப்பூச் செடி வையுங்கள். செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பதையும் நிறுத்துங்கள், பூச்சி செத்தால் குஞ்சுக்குச் சாப்பாடு இல்லை. அப்புறம், வீட்டுக்குள் ஒட்டடை அடியுங்கள், வெளித் தாழ்வாரத்தில் அடிக்காதீர்கள். கூடு கட்ட அந்த நூல்தான் வேண்டும். ஊரிலிருந்து வந்த என் மாமியார் முதல் வாரமே ஒட்டடைக்கம்பைக் கையில் எடுத்தார். கூரை முனையில் பெட்டை ஒன்று அந்தரத்தில் படபடத்துக்கொண்டே சிலந்தி நூலை அலகில் சுற்றிச் சுற்றி எடுப்பதைக் காட்டினேன். கம்பை மூலையில் சாத்திவிட்டார். அதற்கப்புறம் காலையில் என்னைவிட முன்னால் வந்து உட்காருவது அவர்தான்.

இப்போது துணிக்கொடியின் ஒரு முனையில், கம்பி ஆணியைச் சுற்றி ஒரு கூடு வளர்ந்துகொண்டிருக்கிறது. வாசல் இன்னும் வைக்கவில்லை. நாங்கள் துணியைச் சமையலறைக்குப் பின்பக்கம் காயப்போடுகிறோம்.